படுத்திருக்கும் மாதங்களுக்குக் கூலி யார் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செயலி வழியாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் தம்பிகளுக்குத் தமிழ்நாட்டில் நல வாரியம் வந்துவிட்டது, மத்திய அரசின் புதிய சட்டத் தொகுப்பிலும் அவர்களுக்கு இடம் இருக்கிறது என்று உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. சந்தோஷம்தான், வெயிலிலும் மழையிலும் ஓடுகிற பிள்ளைகள், கிடைக்கட்டும். ஆனால் அந்தச் செய்திகளைப் படிக்கும்போது எங்கள் கூட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று தோன்றும். நாங்கள் என்றால் சின்ன காண்ட்ராக்டர்கள். பெயின்டிங், எலெக்ட்ரிக்கல், பிளம்பிங், டைல்ஸ், சென்ட்ரிங், வெல்டிங் என்று தெருவுக்கு ஒருவராவது இருப்போம். அடிபட்டுப் படுத்திருக்கும் மாதங்களில் எங்களுக்கு வருமானம் தர எந்த ஏற்பாடும் இல்லை என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

காண்ட்ராக்டர் என்றால் வெள்ளைச் சட்டை, பெரிய கார், டெண்டர், கமிஷன் என்று ஒரு ஆள் மக்கள் மனதில் வந்து நின்றுவிடுகிறார். அவர் வேறு. நான் சொல்கிறவர் காலை ஏழரை மணிக்கு டூவீலரில் முன்னால் இருபது லிட்டர் வாளி, பின்னால் ஒரு ஹெல்பர் என்று போகிறவர். நாலைந்து பேரை வைத்து வேலை எடுப்பார், ஆள் வராத நாளில் தானே சுவருக்குப் பட்டி பார்ப்பார், சனிக்கிழமை சாயங்காலம் எல்லாருக்கும் கூலி எண்ணிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோவார். சில சனிக்கிழமைகளில் மிச்சம் இருக்காது, அதுவும் உண்டு. நான் அப்படிப்பட்ட ஒரு பெயின்டிங் காண்ட்ராக்டர். மதுரையில் இருபது வருஷத்துக்கு மேலாக இதே தொழில்.

போன வருஷம் பொங்கல் சீசனில் ஒரு மாடி வீட்டில் சாரத்துக் கம்பு நழுவிக் கீழே வந்தேன். தலையில் அடி இல்லை, சாமி புண்ணியம். காலை ஊன்றி விழுந்ததால் குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. உயரத்திலிருந்து விழுகிறவர்களுக்கு உடைகிற எலும்பு பெரும்பாலும் அதுதானாம், கூடவே முதுகெலும்பையும் படம் எடுத்துப் பார்ப்பார்கள். பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடும்வரை மாதக்கணக்கில் அந்தக் கால் தரையில் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

எங்கள் தொழிலில் எல்லா மாதமும் ஒரே மாதிரி வருமானம் வராது என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆயுத பூஜை, தீபாவளிக்கு முன்னால் கொஞ்சம் வேலை வரும். ஐப்பசி கார்த்திகை மழையில் வெளிச்சுவரைத் தொடவே முடியாது. மார்கழி பிறந்தால் பொங்கலுக்குள் முடித்துக் கொடு என்று ஒரே நேரத்தில் பத்துப் பேர் கூப்பிடுவார்கள். அப்புறம் தை, மாசியில் கல்யாண வீடு, புதுமனை புகுவிழா, சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள் என்று மாசி வீதிப் பக்கம் கொஞ்சம் வேலை. வெளிச்சுவர் அடிக்கத் தோதான காலமே தையிலிருந்து வைகாசி வரைதான். மார்கழியில் கால் உடைந்தால் மூன்று மாதச் சம்பாத்தியம் போயிற்று என்று கணக்குப் போடக்கூடாது, அந்த வருஷத்துச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு போயிற்று என்றுதான் போட வேண்டும்.

ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி நான் அதிகம் புலம்பப்போவதில்லை. அதற்கு ஏதோ சில வழிகளாவது இருக்கின்றன. அரசு மருத்துவமனை இருக்கிறது, எலும்பு முறிவுக்கு அங்கே நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள், கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. ஆனால் அந்த அட்டை வாங்க குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 என்று இருந்ததை 2022இல் இப்படி உயர்த்தினார்கள், நல்ல காரியம். இருந்தாலும் ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஆள் நாளுக்கு 500 ரூபாய் கூலிக்கு மாதம் 20 நாள் வேலைக்குப் போனால் வருஷம் சரியாக 1,20,000 ஆகிவிடும். எங்கள் ஊரில் இன்று 500 ரூபாய்க்கு ஹெல்பர்கூட வரமாட்டார். பெயின்டருக்கு 900, 1,000. அப்படியென்றால் ஒழுங்காக வேலைக்குப் போகிற எந்தப் பெயின்டரும் காகிதப்படி அந்தத் திட்டத்துக்கு வெளியே. எல்லாருக்கும் இது தெரியும், வருமானச் சான்று கொடுக்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும், கண்டும் காணாமல் ஓடுகிறது. ஆனால் காண்ட்ராக்டர் என்று விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருப்பவனுக்கு மட்டும் அந்தக் கண்டுகொள்ளாமை கிடைப்பதில்லை.

2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தையும் சொல்ல வேண்டும், சாலை விபத்தில் அடிபட்டவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உயிர் காக்கிற திட்டம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அது சாலையில் விழுந்தவர்களுக்கு. சாரத்திலிருந்து விழுந்தவர்களுக்கு இல்லை. விழுவதுதான் விழுந்தாய், நாலடி தள்ளி ரோட்டில் விழுந்திருக்கக் கூடாதா என்று என் மச்சினன் கேட்டான். சிரிப்பு வந்தது, சிரித்தால் காலும் வலித்தது.

வங்கியில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கிறார்களே, பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா, அதைப் பற்றியும் நிறையப் பேர் தப்பாக நினைத்திருக்கிறார்கள். 2015இல் 12 ரூபாயாக ஆரம்பித்து 2022 ஜூனில் 20 ஆக்கினார்கள். விபத்தில் இறந்தால் 2 லட்சம், இரண்டு கண்ணோ இரண்டு கையோ இரண்டு காலோ போனாலும் 2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ முற்றிலும் போனால் 1 லட்சம். எலும்பு முறிந்து கூடிவிட்டால் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி பில்லுக்கும் ஒன்றும் இல்லை. 20 ரூபாய்க்கு இதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது, எல்லாரும் கட்டாயம் வைத்திருக்க வேண்டியதுதான். ஆனால் அது இருக்கிறது என்ற தைரியத்தில் சாரம் ஏறாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எந்தத் திட்டத்தை எடுத்தாலும் அது ஒன்று ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும், இல்லை செத்தால் பணம் தரும், இல்லை கை கால் போனால் தரும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, அறுபது வயதுக்கு மேல் ஓய்வூதியத்துக்கு என்று உதவி உண்டு, அதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒருவன் பிழைத்துக்கொண்டு, உடம்பு தேறிக்கொண்டு, வீட்டில் கட்டிலில் கிடக்கிற அந்த நாலைந்து மாதங்கள் இருக்கின்றனவே, அந்த மாதங்களுக்கு அரிசி வாங்க, வாடகை கொடுக்க, ஸ்கூல் ஃபீஸ் கட்ட யாரும் எதுவும் தருவதில்லை. எங்களை உடைப்பது அந்த மாதங்கள்தான்.

அதிலும் காண்ட்ராக்டர் படுத்தால் வருமானம் நிற்பதோடு முடிவதில்லை, செலவு மட்டும் தொடர்ந்து ஓடும். கூலிக்குப் போகிறவர் படுத்தால் அவர் கூலி போகும். எங்களுக்கு மூன்று பக்கமும் கணக்கு இருக்கிறது. வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் வாங்கியிருப்போம், அதில் பாதியைப் பட்டி, பிரைமர் வாங்கிச் சுவரில் பூசியாயிற்று. பெயின்ட் கடையில் கணக்கு ஓடும், கடைக்காரர் நல்லவர்தான், ஆனால் அவருக்கும் கம்பெனிக்குப் பணம் கட்டும் தேதி ஒன்று இருக்கிறது. ஆட்களுக்கு அந்த வாரக் கூலி நிற்கும். நான் விழுந்த அன்று செய்தி பரவியதும் முதல் மூன்று நாள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள், நாலாவது நாளிலிருந்து போன் வர ஆரம்பித்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வீட்டுக்காரருக்குப் பொங்கலுக்குள் வீடு முடிய வேண்டும், அவர் இன்னொரு ஆளைப் பார்த்துவிட்டு மிச்ச அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கத்தான் செய்வார். என் ஆட்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும், அவர்கள் வேறு காண்ட்ராக்டரிடம் போய்விட்டார்கள். கால் சரியாகி வந்தாலும் அந்த வாடிக்கையும் அந்த ஆட்களும் திரும்ப வருவார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இருபது வருஷம் சேர்த்தது அதுதான், வேறு சொத்து இல்லை.

வர வேண்டிய பணம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருந்தது. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் உள்வேலை முடித்துக் கொடுத்திருந்தோம். அங்கே சதுர அடி ரேட், மெஷர்மென்ட் எடுத்துத்தான் பில். காண்ட்ராக்டர் நேரில் நின்றால்கூட ஜன்னலுக்குக் கழிக்கிறேன், வாசலுக்குக் கழிக்கிறேன், லாஃப்ட்டுக்கு அடியில் கணக்கில் வராது என்று டேப் சுருங்கும். நான் இல்லாமல் எடுத்த அளவு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ரிடென்ஷன் என்று பில்லில் ஐந்து சதவீதம் பிடித்து வைத்திருந்தார்கள், ஒரு வருஷம் கழித்து, சுவர் எங்காவது உப்புப் பூத்ததா, உரிந்ததா என்று பார்த்து, டச்-அப் செய்து கொடுத்த பிறகுதான் தருவார்கள். கால் உடைந்தவன் டச்-அப்புக்கு எங்கே போவது? ஆள் விட்டுச் செய்தால் அந்தக் கூலிக்கே பாதி போகும். மருத்துவமனையிலிருந்து போன் செய்து, கொஞ்சம் முன்னால் விடுங்கள் சார் என்று கேட்டேன். அக்கவுன்ட்ஸில் சொல்கிறேன் என்றார்கள். கடைசியில் என் மனைவியும் எங்கள் மூத்த பெயின்டர் அண்ணனும் டேப்பை எடுத்துக்கொண்டு போய் மறுபடி அளந்தார்கள். அவள் அதுவரை சைட்டுக்கு வந்ததே இல்லை. ஹால், பெட்ரூம், சீலிங் என்று பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டு வந்து நின்றபோது அந்த சூப்பர்வைசர் கொஞ்சம் இறங்கி வந்தாராம்.

பணம் எங்கிருந்து வந்தது என்றால், எல்லா வீட்டிலும் வருகிற இடத்திலிருந்துதான். முதலில் வளையல், அப்புறம் செயின். கூட்டுறவு வங்கியில் வைத்த நகைக்கு வட்டி தாங்கும். அது தீர்ந்ததும் மகளிர் குழுக் கடன். அதற்கும் அப்புறம் தெருவில் கொடுக்கிற மூன்று வட்டி, ஐந்து வட்டி. மாதத்துக்கு நூற்றுக்கு ஐந்து என்றால் வருஷத்துக்கு அறுபது, வாங்கும்போது யாரும் அப்படிக் கூட்டிப் பார்ப்பதில்லை, அந்த நேரத்தில் கூட்டிப் பார்க்க முடியாது. கந்துவட்டியைத் தடுக்க 2003லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆஸ்பத்திரியில் ஆள் கிடக்கும்போது சட்டத்தை யார் தேடுவது?

இதில் எனக்குத் தாங்காத ஒன்று இருக்கிறது. என் ஆள் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்தால் அவருக்கு இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே அதைச் சொல்லிவிட்டது, வேலை செய்ய முடியாத காலத்துக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை மாதக் கூலியில் கால் பங்கு, அதாவது மாதத்துக்குப் பாதிக் கூலி. நியாயமான சட்டம். பெரிய கம்பெனி வேலைக்குப் போனால் முதலில் டபிள்யூசி பாலிசி, அதாவது ஆட்களுக்கு அடிபட்டால் இந்த இழப்பீட்டைக் கொடுக்கிற காப்பீடு, எடுத்துக்கொண்டு வா என்பார்கள், அதையும் நாங்கள்தான் காசு கட்டி எடுக்கிறோம். அந்தப் பாலிசியில் ஆட்கள் எல்லாரும் இருப்பார்கள். காண்ட்ராக்டர் இருக்கமாட்டார், ஏனென்றால் அவர் முதலாளியாம். அதே சாரம், அதே சவுக்குக் கம்பு, அதே கயிறு. எனக்குப் பக்கத்தில் நின்று ரோலர் உருட்டியவர் விழுந்தால் சட்டம் இருக்கிறது, பாலிசி இருக்கிறது. நான் விழுந்தால் ஆரஞ்சுப் பழம்.

சம்பளம் வாங்குகிறவருக்கு என்ன இருக்கிறது என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, 1948இல் வந்த சட்டம். மில்லிலோ கம்பெனியிலோ வேலை செய்கிறவர், மாதச் சம்பளம் 21,000 வரை என்று 2017இல் வரம்பு வைத்தார்கள், அவர் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் போடுவார். அவருக்கு உடம்புக்கு முடியவில்லை, இஎஸ்ஐ மருத்துவர் சான்று கொடுத்தார் என்றால் வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வீடு வந்து சேரும். வேலையில் அடிபட்டுப் படுத்திருந்தால் 90 சதவீதம், தேறும்வரை. நீண்ட நாள் நோய்களுக்கு இன்னும் கூடுதல் காலம் உண்டு. சென்னை கே.கே. நகரிலும் கோவை சிங்காநல்லூரிலும் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய மருத்துவமனைகளே இருக்கின்றன. டிஸ்பென்சரியில் மருந்து இல்லை, கூட்டம், அது இது என்று ஆயிரம் குறை சொல்வார்கள், சொல்லட்டும். படுத்திருக்கும்போது காசு வருகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அது வராதவனுக்குத்தான் தெரியும்.

நான் கேட்பது இதுதான். எங்களையும் இஎஸ்ஐக்குள் விடுங்கள். சும்மா வேண்டாம், முதலாளி பங்கு, தொழிலாளி பங்கு இரண்டையும் நாங்களே கட்டுகிறோம். மாத வருமானம் 20,000 என்று ஒருவர் பதிந்தால் 4 சதவீதத்துக்கு மாதம் 800 ரூபாய். எங்கள் ஆட்களில் பலர் சீட்டுக்கு இதைவிட அதிகம் கட்டுகிறார்கள். படுத்தால் மாதம் 14,000 வரும். அதை வைத்து மாளிகை கட்ட முடியாது, ஆனால் வாடகையும் மளிகையும் ஓடும், செயின் வீட்டிலேயே இருக்கும்.

இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் 45ஆவது பிரிவில் அமைப்புசாராத் தொழிலாளர், கிக் தொழிலாளர் (நிரந்தர வேலை இல்லாமல் அவ்வப்போது கிடைக்கிற வேலையைச் செய்கிறவர்), செயலி வழித் தொழிலாளர் ஆகியோருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் இஎஸ்ஐ பலன்கள் கிடைக்கும்படி மத்திய அரசு திட்டம் வகுக்கலாம் என்று இருக்கிறது. அமைப்புசாராத் தொழிலாளர் என்பதற்குள் சுயதொழில் செய்கிறவரும் வருகிறார் என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. கதவை வைத்துக் கட்டிவிட்டார்கள், திறந்துவிட வேண்டியதுதான் பாக்கி. வகுக்கலாம் என்றுதானே எழுதியிருக்கிறது, வகுத்தே ஆக வேண்டும் என்று இல்லையே என்று யாராவது சொல்வார்கள். அதனால்தான் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

என்ன ஆட்சேபம் வரும் என்பதும் எனக்குத் தெரியும். கால் உடைந்த பிறகு ஓடிவந்து பதிவான் என்பார்கள். இப்போதே இஎஸ்ஐயில் நோய்க்கால உதவித்தொகை வேண்டுமென்றால் அதற்கு முந்தைய ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். எங்களுக்கும் அதே மாதிரி வையுங்கள், ஆறு மாதம் கட்டாமல் ஒரு ரூபாய் கிடையாது என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். படுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவான் என்பார்கள். அந்த வித்தை தெரிந்தவர்கள் மில் தொழிலாளர்களிலும் இருக்கிறார்கள், அதற்காக இஎஸ்ஐயை மூடிவிடவில்லை. பிளேட் வைத்த காலோடு சாரம் ஏறுகிறவன் ஏறட்டும், அவனை நான் பார்க்க வேண்டும். வருமானத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதுதான் நியாயமான கேள்வி. 10,000, 15,000, 20,000 என்று மூன்று படி வைத்து, கட்டுகிற படிக்கு ஏற்றபடி தொகை என்றால் தீர்ந்தது. அதிகாரிகளுக்கு இதைவிட நல்ல யோசனை இருந்தால் அது இன்னும் நல்லது.

தனியார் காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று படித்த நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மைதான், இருக்கிறது. தனிநபர் விபத்துக் காப்பீட்டில் தற்காலிக முழு இயலாமை என்று ஒரு பிரிவு உண்டு, வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு வாரம் இவ்வளவு என்று தருவார்கள். 2021 ஏப்ரலிலிருந்து எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் சரல் சுரக்ஷா பீமா என்ற ஒரே மாதிரியான பாலிசியை விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்டது, இரண்டரை லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை எடுக்கலாம். ஆனால் அதில் இந்த வாரத் தொகை தானாக வராது, அது வேண்டும் என்று தனியாகக் கேட்டுக் கூடுதலாகக் கட்ட வேண்டும். பிரீமியம் சின்னது, கமிஷனும் சின்னது, அதனால் ஏஜென்ட் வாயைத் திறக்கமாட்டார், நாமாகக் கேட்க வேண்டும். இன்னொன்று, அது விபத்துக்கு மட்டும். டைபாய்டில் கிடந்தாலோ, வருஷக்கணக்காகப் பட்டி தேய்த்த தூசியும் தின்னர் வாடையும் நெஞ்சுக்குள் போய் மூச்சு வாங்கினாலோ அதில் ஒன்றும் கிடைக்காது. பழைய வீட்டுக் கதவு ஜன்னலில் எனாமல் சுரண்டும்போது உள்ளே போவதும் சாதாரணத் தூசி இல்லை, ஈயம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல், அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல், இருக்கக்கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன்னால் அடித்ததை எல்லாம் இப்போது சுரண்டுவது நாங்கள்தான்.

அந்த வாரத் தொகைக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. வருமானத்தைக் காட்டு என்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருந்தால் காட்டலாம். கம்பெனி வேலை செய்கிற காண்ட்ராக்டர்களுக்கு பில்லில் ஒரு சதவீதம் டிடிஎஸ் என்று வருமான வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், கணக்கு தாக்கல் செய்தால் அது பெரும்பாலும் திரும்பி வரும், கூடவே ஒரு வருமானச் சான்றும் கையில் இருக்கும், வங்கிக் கடனுக்கும் உதவும். ஆனால் அந்தக் கணக்கில் மூன்று லட்சம் என்று எழுதியவர் அப்புறம் 1,20,000க்குள் என்று வருமானச் சான்று கேட்டு எப்படிப் போய் நிற்பார்? ஒரு பாதுகாப்புக்கு ஏழை என்று காகிதம் வேண்டும், இன்னொரு பாதுகாப்புக்குச் சம்பாதிக்கிறவன் என்று காகிதம் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியாது. பெரும்பாலான சின்ன காண்ட்ராக்டர்களிடம் இரண்டுமே இல்லை.

திட்டம் வரும்வரை சும்மா இருக்க முடியாது என்பதால் இதைப் படிக்கிற என் மாதிரித் தம்பிகளுக்கு மட்டும் சில வார்த்தைகள். 20 ரூபாய் பாலிசியை விடாதீர்கள், மே கடைசியில் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது சத்தமில்லாமல் நின்றுவிடும். அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கியில் வருஷத்துக்குச் சில நூறு ரூபாயில் விபத்துக் காப்பீடு இருக்கிறது, ஒரு நாள் போய்க் கேளுங்கள். விபத்துக் காப்பீடு எடுக்கும்போது உயரத்தில் ஏறி வேலை செய்கிறேன் என்று ஒளிக்காமல் எழுதச் சொல்லுங்கள், பிரீமியம் கொஞ்சம் கூடும், கூடட்டும். மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது, தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22லிருந்து அது இல்லை. சுகர், பிரஷர் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருஷம்தான் காத்திருக்கச் சொல்ல முடியும், மறைத்தால் கேட்கும்போது கைவிரித்துவிடுவார்கள். முக்கியமாக, எந்த வீட்டில் எவ்வளவு அட்வான்ஸ், எந்தக் கடையில் எவ்வளவு பாக்கி, எந்தக் கம்பெனியில் எவ்வளவு ரிடென்ஷன் என்பது நம் தலைக்குள் மட்டும் இருக்கக்கூடாது. நோட்டில் இருக்க வேண்டும், அந்த நோட்டு இருக்கும் இடம் வீட்டில் இன்னொருவருக்குத் தெரிய வேண்டும். மெஷர்மென்ட்டை அன்றன்றைக்கு எழுதி சூப்பர்வைசரிடம் ஒரு கையெழுத்து வாங்கி, வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டுவிடுங்கள். மூச்சு இருக்கும்வரை கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு நம் எல்லாருக்கும் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் மூச்சு இருந்தது, கேட்டும் வரவில்லை.

வீட்டுக்காரர்களுக்கும் பில்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. சைட்டில் அடிபட்டவனுடைய முடிந்த வேலைக்கான பில்லையாவது உடனே கொடுத்துவிடுங்கள். அது உதவி இல்லை, அவன் பணம். ரிடென்ஷனில் பாதியை விட்டால்கூட அந்த நேரத்தில் ஒரு வீடு நிமிரும்.

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர் போயிருக்கிறார்கள். எல்லாக் கட்சிக்காரர்கள் வீட்டுக்கும் நாங்கள்தான் பெயின்ட் அடிக்கிறோம். அவர்களில் யாராவது ஒருவர் அடுத்த கூட்டத்தொடரில் தொழிலாளர் நல அமைச்சரிடம் எழுத்துமூலம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: 45ஆவது பிரிவின்கீழ் சுயதொழில் செய்கிறவர்கள் தாங்களே சந்தா கட்டி இஎஸ்ஐயில் சேரும் திட்டம் எந்தத் தேதியிலிருந்து வரும்? பதில் வந்தால் அதை உங்கள் நாளிதழில் முதல் பக்கத்தில் போட வேண்டாம், ஏதாவது ஒரு ஓரத்தில் போட்டால்கூடப் போதும், டீக்கடையில் நாங்கள் தேடிப் படித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு பெயின்டிங் காண்ட்ராக்டர்,
மதுரை.